ரெண்டாந்தண்ணி அங்கமுத்து

"மூடியத் தொடாதீங்க."

கையை நீட்டித் தடுத்துவிட்டு அங்கமுத்து விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறார். முன்னால் கிடக்கும் பலகையில் காது உடைந்த மூன்று பீங்கான் கோப்பைகள். ஒவ்வொன்றின்மேலும் ஒரு சாசர் கவிழ்ந்திருக்கிறது. எண்ணி முடிந்ததும் சாயத்தை வேறு கோப்பைகளில் வடித்து இறக்குகிறார். கரண்டியில் அள்ளி, தகரக்கூரை அதிரும்படி ஒரே உறிஞ்சு. பக்கத்துக் காம்பராவில் தூங்கும் குழந்தைகூட இந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது. வாய்க்குள் சுழற்றி, ஒரு கணம் கண்ணை மூடி, வாசலுக்கு வெளியே ஓடும் சாக்கடைக் கானில் துப்புகிறார்.

"எப்புடிண்ணே இருக்கு?" தேயிலையைக் கொண்டுவந்தவர் பொறுமையில்லாமல் கேட்கிறார்.

"மொதத்தண்ணிக்கு என்ன அவசரம்? அது கல்யாணத்துக்கு வந்த ஆளு மாதிரி. வெளுத்த சட்டையோடதான் வரும். சட்டையக் கழட்டட்டும், இருங்க."

வெந்த இலையை அப்படியே கோப்பையில் விட்டு, மறுபடி கொதிநீர் ஊற்றுகிறார். அது இரண்டாம் தண்ணீர். அதற்கப்புறம் மூன்றாவதும் உண்டு. அதையும் குடித்துவிட்டு, "நாளைக்கு வாங்க, சொல்றேன்" என்பார். வந்தவர் சலித்துக்கொண்டே போவார். உள்ளே அடுப்படியிலிருந்து அவர் மனைவி பெரியாயியின் குரல் மட்டும் வரும். "அவரு எதையும் நாளைக்குத்தான் சொல்லுவாரு."

அங்கமுத்துவுக்கு அறுபத்து மூன்று வயது. ஒல்லியான, உயரமான உடம்பு. இடது முன்கையில் அடுப்புத் தீ நக்கிய பழைய தழும்பு. நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் தோட்டமொன்றில், கடைசி லயத்தின் வீட்டு வரிசையில் கடைசிக் காம்பரா அவருடையது. வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. மகனும் மருமகளும் தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்வதால் காம்பரா இன்னும் கையில் இருக்கிறது. சுவரில் அடித்த பலகைத் தட்டில் பத்துப் பன்னிரண்டு தகர டின்கள். தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கிற தூள் ஒன்றில். பூனாகலைப் பக்கத்து உறவுக்காரர் கொண்டுவந்தது இன்னொன்றில். பண்டாரவளைச் சந்தையில் வாங்கிய கலவை, எவரோ கண்டியிலிருந்து வரும்போது மடித்து வந்த ஒரு பிடி, போன கச்சான் மாதத்தில் உலர்ந்த நல்ல இலை என்று ஒவ்வொன்றும் தனித்தனி. அவருக்கு எழுத்துத் தெரியாது. மூடிகளில் ஆணியால் கீறிய கோடுகளும் வட்டங்களுமே பெயர்ச்சீட்டு.

தேயிலை விளைகிற மலையில் நல்ல தேயிலை குடிப்பது அவ்வளவு எளிதல்ல. நல்லது பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போய்விடும். லயத்துக்கு வருவது சலித்து மிஞ்சிய தூள். அங்கமுத்துவுக்கு நல்ல இலையின் ருசி கிடைத்தது குறுக்கு வழியில். தொழிற்சாலையில் இலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு போடுகிறவராக இருந்தார். காலையில் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் தேயிலை ருசி பார்க்கும் நேரத்தில் மட்டும் மேலே போய் கோப்பைகளைக் கழுவிக் கொடுப்பது அவருடைய உபரி வேலை. ருசி பார்த்து முடிந்த இலையைக் குப்பையில் கொட்டச் சொல்வார்கள். அவர் கொட்டவில்லை. ஒவ்வொரு தினுசையும் தனித்தனியாகக் காகிதத்தில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடி தண்ணீர் ஊற்றிக் குடித்தார். துரைமார் குடித்த தேயிலையின் இரண்டாம் தண்ணீர்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். பத்து வருடத்தில், கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் எந்த மலையின் கொழுந்து, எந்த மாதத்துக் கொழுந்து என்று சொல்லுமளவுக்கு நாக்கு தேறிவிட்டது. விளையாட்டாக ஓரிரு முறை டீமேக்கரே சோதித்துப் பார்த்துச் சிரித்திருக்கிறார். "இவன் நாக்க அறுத்து லண்டனுக்கு அனுப்பணும்" என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் சொல்லியும் இருக்கிறார். அந்தச் சொல்லை அங்கமுத்து பல நாள் வெற்றிலைபோல மென்றுகொண்டு திரிந்தார்.

அந்தக் காலத்தில் அவர் எதையும் நாளைக்குச் சொல்கிறவர் அல்ல. ஒரு மிடறு போதும், பட்டென்று தீர்ப்பு விழும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். கச்சான் காற்று மலையை உலர்த்திக்கொண்டிருந்தது. ஊவாவின் தேயிலைக்கு வருடத்திலேயே மிகச் சிறந்த பருவம் அது. அந்த இலையைக் குடித்தால் நாக்கின் நடுவில் தலைவலித் தைலம் தடவினாற்போல ஒரு குளிர்ச்சி பரவும். மற்ற மாதங்களில் அது கிடைக்காது, மற்ற மலைகளிலும் கிடைக்காது. அந்த நேரத்தில் தொழிற்சாலையிலிருந்து ஒரு பெட்டித் தேயிலை காணாமற்போனது. காவல்காரர்கள் லயம் லயமாகப் புகுந்து தேடினார்கள். ரெங்கம்மா வீட்டில், சட்டிக்குப் பின்னால், இரண்டு இறாத்தல் அளவு தேயிலை ஒரு காகிதப் பையில் இருந்தது. தூள் அல்ல, நல்ல இலை.

ரெங்கம்மா கொழுந்து பறிக்கிறவள். புருஷன் செத்து நாலு வருடம். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குச் சடங்கு வைத்திருந்தாள். "பொண்ணு சடங்குக்கு வர்றவுங்களுக்கு ஊத்தணும்னு பதுள டவுன் கடையில வாங்குனதுங்கய்யா" என்றாள். எந்தக் கடை என்று கேட்டதற்கு, "வாஹித் மொதலாளி கட" என்றாள். சில்லறையாக நிறுத்து வாங்கிய தேயிலைக்கு ஏது ரசீது? அவளை அலுவலக வாசலில் நிறுத்திவிட்டு, பையை ருசி பார்க்கும் அறைக்கு அனுப்பினார்கள்.

டீமேக்கருக்கு அந்த வாரம் கடும் சளி. மூக்கு அடைத்து, வாயில் உப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை. "நீ பாத்துச் சொல்லுடா" என்று கரண்டியை அங்கமுத்துவின் கையில் கொடுத்தார். கோப்பை கழுவுகிறவனின் கையில் டீமேக்கரின் கரண்டி! அங்கமுத்து முதுகை நிமிர்த்திக்கொண்டு, அவரைப் போலவே ஓசையோடு உறிஞ்சினார். நாக்கின் நடுவில் அந்தக் குளிர்ச்சி பரவியது.

"நம்ம மலதாங்கய்யா. இந்த மாசத்துக் கொழுந்து."

அவ்வளவுதான். டீமேக்கர் கீழே போய்த் துரையிடம் தன் வாயாலேயே உறுதி சொன்னார். சளி பிடித்த சேதியை வெளியில் சொல்வாரா என்ன? வாசலில் நின்ற ரெங்கம்மாவுக்கும், அவளுக்காகப் பேச வந்த தொழிற்சங்கத் தலைவருக்கும் தெரிந்ததெல்லாம், டீமேக்கர் ருசி பார்த்துச் சொல்லிவிட்டார் என்பதுதான்.

அன்று பொழுது சாயும் நேரத்தில், வழக்கம்போல அந்த வெந்த இலையையும் பொதிந்து கொண்டுவந்திருந்தார் அங்கமுத்து. வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றினார். வடித்த சாயத்தின் நிறத்தைப் பார்த்ததுமே கை நின்றுவிட்டது. இந்த மலையின் கச்சான் மாத இலை இரண்டாம் தண்ணீரில் வெளிர்ந்து, பொன்னிறமாக இறங்கும். குளிர்ச்சி குறைந்தாலும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இதுவோ கறுப்பாக, கட்டியாக இறங்கியது. குடித்துப் பார்த்தார். குளிர்ச்சியின் சுவடே இல்லை. இரத்தினபுரிப் பக்கம் பள்ளத்தில் விளைகிற இலையின் கனத்த ருசி மட்டும் நாக்கில் படுத்துக்கொண்டது.

அது கடைக்காரர் கலவை. பள்ளத்துத் தேயிலையில் வாசத்துக்காக ஊவாத் தேயிலையில் ஒரு பிடி சேர்த்தது. அந்த ஒரு பிடி முதல் தண்ணீரிலேயே தன் வாசத்தையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டது. தோட்டத்துப் பெட்டிக்குள் பள்ளத்துத் தேயிலை எப்படி வரும்?

பெரியாயியிடம் கோப்பையை நீட்டினார். அவள் ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது நம்ம தோட்டத்துது இல்லியே" என்றாள். எங்கிருந்து வந்தது என்று அவர் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"அப்ப போயிச் சொல்லிப்புட்டு வாங்க."

"இந்நேரத்துக்கா? டீமேக்கரு பங்களாவுக்குப் போயி நிக்கச் சொல்றியா? காலையில சொல்லிக்கிறேன்."

காலையில் போனார். சொல்லத்தான் போனார், அது பொய்யில்லை. வாயைத் திறக்குமுன் டீமேக்கர் தோளில் தட்டினார். "துரைக்கு ஒன்னப் பத்திச் சொல்லியிருக்கேன். ஒண்ணாந்தேதியிலேர்ந்து நீ அடுப்புக்குப் போவேணாம். சல்லட அறைக்குக் கங்காணி." பதினாறு வருடம் விறகு தூக்கிய தோள் அது. ஒரு நாள் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாள், இன்னும் உறுதிப்படுத்திக்கொண்டு சொல்லலாம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பதுளைக்குப் போய், வாஹித் முதலாளியின் கடையில் அதே தேயிலையில் கால் இறாத்தல் வாங்கிவந்தார். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், இரண்டும் அச்சு அசல் அதேதான். முதலாளியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை ரெங்கம்மாவின் கையில் பத்துச்சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். பத்துச்சீட்டு வாங்கியவருக்குத் தோட்டத்தில் வேலையில்லை, காம்பராவும் இல்லை.

"அச்சடிச்ச சீட்டாச்சே, இனிமே நாம சொல்லி என்ன ஆகப்போவுது?" என்றார் பெரியாயியிடம். அவள் அடுப்பை ஊதிக்கொண்டேயிருந்தாள். அவளும் ரெங்கம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். புருஷனின் கங்காணி வேலை அவள் வாயையும் கட்டிவிட்டது. அதை அவள் இன்றைக்கும் மறுப்பதில்லை. "எனக்கும் அதுல பங்கு உண்டு" என்று வெட்டொன்றாகச் சொல்கிறாள்.

இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போவதற்கான கடுதாசி ரெங்கம்மாவுக்கு முன்னமே வந்திருந்தது. பிள்ளைகள் பிறந்த மண், புருஷனைப் புதைத்த மண் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவள். இப்போது தள்ளிப்போட இடமில்லை. மூன்று மாதம் உறவுக்காரர் வீட்டில் ஒண்டியிருந்துவிட்டுப் பெட்டி கட்டினாள். புறப்படுகிற அன்று முற்பகல், லயத்தில் வீடு வீடாக ஏறிச் சொல்லிக்கொண்டு வந்தவள், கடைசிக் காம்பராவுக்கும் வந்தாள்.

"அண்ணே, ஒங்க கையால ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறேன்."

அங்கமுத்து ஊற்றிக் கொடுத்தார். இருப்பதிலேயே நல்ல இலையை எடுத்து, சீனியைக் கூட்டிப் போட்டு ஊற்றினார். அவள் தரையில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள். "அந்த டீமேக்கருக்கு என்மேல என்ன கோவமோ தெரியலண்ணே" என்றாள். பிறகு கோப்பையை நீட்டி, "நல்லாருக்குண்ணே, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள். ஊற்றினார். குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, பெரியாயியைக் கட்டிப் பிடித்து அழுதாள். பெரியாயியும் அழுதாள். அங்கமுத்து கெண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது. துரை போனார். டீமேக்கர் போனார். காணாமற்போன பெட்டி யார் கையால் போனது என்பது கடைசிவரை தெரியவில்லை. சல்லடை அறைக் கங்காணியாக எட்டு வருடம் இருந்தார் அங்கமுத்து. அந்த எட்டு வருடமும், யார் எந்தத் தேயிலையைக் காட்டிக் கேட்டாலும், "எனக்கு என்னங்க தெரியும்" என்று நழுவிவிடுவார். வேலையை விட்ட பிறகுதான் வீட்டில் மறுபடி கோப்பைகளைப் பரப்பினார். மூன்று தண்ணீர், ஒரு இரவு, அதற்குப் பிறகே பேச்சு என்ற வழக்கமும் அப்போது வந்ததுதான். ஊர் அதைப் பெரிய மனிதரின் கிறுக்கு என்று எடுத்துக்கொண்டது. பட்டப்பெயரும் வைத்தது.

இந்த வருடம் தையில் ஒருவர் அந்த வாசலில் வந்து நின்றார். வீரய்யா, ரெங்கம்மாவின் தம்பி. பூனாகலையில் வேலை. அக்காவின் மூத்த மகளுக்குக் கல்யாணம் என்று கப்பலேறிப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். அக்கா இப்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் அதே கொழுந்துதான் பறிக்கிறாளாம். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார்.

"அக்கா ஒங்களுக்குன்னு குடுத்துவிட்டிச்சிண்ணே. 'அண்ணன் ரெண்டு தண்ணி போட்டுப் பாத்துட்டு, எங்க மல எப்புடின்னு எழுதச் சொல்லு'ன்னிச்சி. ஒங்க தேத்தண்ணியப் பத்திப் பேசாத நாளில்ல."

அங்கமுத்து தண்ணீர் கொதிக்க வைத்தார். மெல்லிய சாயம். பூ வாசம். அவருக்கு வழக்கமில்லாத வழக்கமாகத் துப்பாமல் விழுங்கினார். இரண்டாம் தண்ணீரையும் ஊற்றினார். வீரய்யா சிரித்தபடி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத வேண்டியது இரண்டு வரிதான். நல்ல தேயிலை, வாசம் உண்டு, கனம் போதாது. அதோடு முடிந்திருக்கும்.

"தம்பி, அன்னைக்கி டீமேக்கரு ருசி பாக்கல. நாந்தான் பாத்தேன்."

எல்லாவற்றையும் சொன்னார். இரண்டாம் தண்ணீரில் தெரிந்துபோனதை, காலையில் சொல்லப் போனதை, சொல்லாமல் வந்ததை, கங்காணி வேலையை. அடுப்படியில் பெரியாயியின் கைவேலை நின்றிருந்தது. வீரய்யா கையிலிருந்த கோப்பையைக் குடிக்காமலே பலகையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"இத நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அக்காவுக்கு எழுதுறது? நீங்களே எழுதுங்க."

எழுதத் தெரியாதவர், எழுத்துத் தெரிந்த மகனிடம் சொல்லவும் துணியாதவர், யாரிடம் போவார்? பதுளைக்கு பஸ் ஏறி வாஹித் முதலாளியின் கடைக்குப் போனார். பருப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல முதலாளி எழுதினார். பாதியில் பேனாவை நிறுத்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்மட கடச் சாமானா அது? என்ன மனிசன் நீங்க! அண்டைக்கே வந்து எனக்கிட்ட ஒரு வார்த்த செல்லியிருந்தா, நானே தோட்டத்துக்கு வந்து துரைக்கிட்ட செல்லியிருப்பேனே. நான் கலந்த தேயில, எனக்குத் தெரியாதா?"

"அன்னைக்கி ஒங்க கடைக்கு வந்தேங்க மொதலாளி. கால் றாத்தல் வாங்கிட்டுப் போனேன்."

முதலாளி அவரைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிச்சத்தை எழுதி, பதில் கடைக்கே வரும்படி தன் முகவரியைப் போட்டார்.

பதில் வர ஏழு மாதமாயிற்று. அந்த ஏழு மாதமும் ஞாயிறு தவறாமல் அங்கமுத்து கடைக்குப் போய் வந்தார். கேட்கமாட்டார். வாசலில் நிற்பார். முதலாளி இல்லையென்று தலையை ஆட்டுவார், இவர் திரும்பிவிடுவார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி தலையை ஆட்டவில்லை. உள்ளே கூப்பிட்டு மூட்டைமேல் உட்காரச் சொன்னார். கடிதத்தை முன்னமே படித்துவிட்டிருந்தார் போலிருக்கிறது.

"வாசிக்கவா, சுருக்கிச் செல்லவா?"

"வாசிங்க மொதலாளி."

ரெங்கம்மாவின் இளைய மகள் எழுதியிருந்தாள்.

'அங்கமுத்து மாமாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இனி வருவது அம்மாவின் பேச்சு. உங்கள் கடிதம் கிடைத்தது. அதைக் கேட்டு ஒரு வாரம் நான் வேலைக்குப் போகவில்லை. பத்துச்சீட்டு கொடுத்த துரைமேல் இப்போது கோபம் இல்லை. முதலில் நீங்கள் தெரியாமல் சொன்னதிலும் கோபம் இல்லை, யாருக்கும் தப்பும். புறப்படுகிற அன்றைக்கு உங்கள் வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். நல்லா இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தேன். பத்து வருஷமாக அதை இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு இருந்தேன். அதை மட்டும் தாங்க முடியவில்லை அண்ணே. பெரியாயி அக்கா நல்லா இருக்கட்டும். இனி எழுத வேண்டாம்.'

முதலாளி கடிதத்தை மடிக்கப் போனார்.

அங்கமுத்து மூட்டையிலிருந்து எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைகளைக் கட்டி, துரைக்கு முன்னால் விசாரணைக்கு நிற்பவரைப் போல நின்றார்.

"இன்னொருக்கா வாசிங்க மொதலாளி."